ஏட்டில் விடுபட்ட பதக்கம்

குடியரசு நாளன்று நம் சங்க மண்டபத்தில் கொடியேற்றம் நடைபெற்றதை அன்பர்கள் அறிவர். பட்டாளத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றோர் தத்தம் பதக்கங்களை அணிந்து வருமாறு செயலாளர் வேண்டிக்கொண்டிருந்தார். அவ்வாறே எழுவர் வந்தனர். அவர்களுள் ஒருவர் வட ஆர்க்காட்டுப் பக்கத்தைச் சேர்ந்த பெரியவர். 1971ஆம் ஆண்டுப் போரில் மேற்குப் போர்முனையில் இருந்தவர். வலக்கையில் இரண்டு விரல்கள் இல்லை. மற்றவர் மார்பில் நாடாக்கள் வரிசையாகத் தொங்க, இவர் மார்பில் மூன்றே இருந்தன.

பக்கத்து வீட்டுச் சிறுவன் ஒருவன் அவர் அருகில் சென்று, "தாத்தா, விரல் எப்படிப் போயிற்று?" என்றான்.

"சண்டையிலே போயிற்று, அப்பா."

"அதற்கு மெடல் கொடுக்கவில்லையா?"

பெரியவர் சிரித்து மழுப்பிவிட்டார். ஆனால் அச்சிறுவன் கேட்ட கேள்வி எனக்கு மறக்கவில்லை. அடுத்த ஞாயிறன்று அவர் இல்லம் சென்று, டிஸ்சார்ஜ் புக்கைக் காட்டுமாறு வேண்டினேன். பதக்கங்களுக்குரிய பக்கத்தில் சங்க்ராம் மெடல், சுதந்திர வெள்ளிவிழா மெடல், ஒன்பதாண்டுச் சேவை மெடல் ஆகிய மூன்றே எழுதப்பட்டிருந்தன. மேற்குப் போர்முனையில் நின்றோர்க்குரிய பச்சிமி ஸ்டாரும் இல்லை. பகைவரால் காயமுற்றோர்க்கென 1973இல் ஏற்படுத்தப்பட்ட ஊண்டு மெடலும் இல்லை.

"போனது போகட்டும் ஐயா. பென்ஷன் வருகிறது. இந்த வயதில் எனக்கு எதற்கு மெடல்?" என்றார் பெரியவர்.

உள்ளிருந்து அவர் துணைவியார் வந்தார். "அவருக்கு வேண்டாம் என்றால் போகட்டும். எனக்கு வேண்டும். அந்தத் தந்தி வந்த இரவை நான் மறக்கவில்லையே!" என்றார். பிறகு ஒரு தகரப் பெட்டியைத் திறந்து, துணியில் சுற்றிய பழுப்புக் காகிதம் ஒன்றை எடுத்து வந்தார். கணவர் காயமுற்று ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டிருப்பதாக 1971 டிசம்பரில் ஊருக்கு வந்த தந்தி அது. ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக அதை அவ்வம்மையார் காத்து வந்திருக்கிறார். அக்காகிதமே பின்னர் எங்களுக்குப் பெருந்துணையாயிற்று.

இது ஒரு குடும்பத்தின் செய்தி மட்டும் அன்று. நம் சங்கத்துக் குடும்பங்கள் பலவற்றை வடக்கே கொண்டுவந்து சேர்த்தது பட்டாளமே. கிர்க்கியிலும் ஜபல்பூரிலும் அம்பாலாவிலும் தாத்தா வந்து இறங்கிய பாளையத்திலேயே பேரன் பிறந்து வளர்ந்திருக்கிறான். அவன் தமிழைத் தட்டுத் தடுமாறிப் பேசுகிறான். தாத்தா எந்தப் படையில் எங்கே நின்றார் என்பதை அறியான். அவனுக்கு எஞ்சி நிற்கப்போவது அந்த டிஸ்சார்ஜ் புக் ஒன்றே. அதில் இல்லாதது நாளை நடவாததாகவே எண்ணப்படும்.

பதிவு விடுபடுவது எவ்வாறு? இதை அறிந்தால்தான் திருத்தத்திற்கு வழி தெரியும். பட்டாளத்தில் ஒருவருக்கு நேரும் மாற்றம் யாவும், அஃதாவது இடமாற்றம், பதவி உயர்வு, திருமணம், காயம், பதக்கம் ஆகியவை, அவருடைய படைப்பிரிவு வெளியிடும் பார்ட் டூ ஆர்டர் என்னும் ஆணையில் இடம்பெற வேண்டும். அவ்வாணை ரிகார்டு ஆபீஸுக்குச் சென்று, அங்கே அவருடைய ஷீட் ரோல் என்னும் பணிப்பதிவில் ஏறும். ஓய்வு பெறும்போது அதைப் பார்த்தே டிஸ்சார்ஜ் புக் எழுதப்படும். இச்சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் பதக்கம் விடுபட்டுவிடும்.

அறுவதற்குக் காரணங்கள் பல. போர்க்காலப் பதக்கங்கள் பெரும்பாலும் போர் முடிந்த பின்னரே ஏற்படுத்தப்படுகின்றன. 1965ஆம் ஆண்டுப் போருக்குரிய சமர் சேவா ஸ்டாரும் ரக்ஷா மெடலும் அத்தகையனவே. படைப்பிரிவு தகுதியுடையோர் பட்டியலைத் தயாரிக்கும் நாளில் ஒருவர் ஆஸ்பத்திரியில் இருக்கலாம்; வேறு படைக்கு மாற்றப்பட்டிருக்கலாம்; ஓய்வு பெற்று ஊர் திரும்பியிருக்கலாம். நம் பெரியவர் நிலை இதுவே. ஆஸ்பத்திரியிலிருந்து மீண்டவர் பழைய படைக்குத் திரும்பவில்லை. பழைய படை அவரைத் தன் பட்டியலில் சேர்க்கவில்லை. புதிய படைக்கு அவர் போர்முனைச் செய்தி தெரியாது.

தமிழர்க்கே உரிய இன்னொரு காரணமும் உண்டு. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தந்தையின் பெயர் முன்னெழுத்தாக நிற்கிறது. ஒரு தாளில் முன்னெழுத்து முன்னே நிற்கும். மற்றொன்றில் பின்னே போகும். மூன்றாவதில் தந்தையின் பெயரே முழுமையாக விரிந்து மகனின் பெயராகிவிடும். ஆங்கில எழுத்துக் கூட்டலோ ஆளுக்கு ஒரு விதம். ஆகவே எந்தத் தாளை எழுதினாலும் பட்டாள எண்ணை முதலில் எழுதுக. பெயரை எழுதும் விதம் மாறினாலும் எண் ஆளைக் காட்டிவிடும்.

இனிச் செய்ய வேண்டியவற்றைக் கூறுகிறேன்.

முதலாவதாக, டிஸ்சார்ஜ் புக், பென்ஷன் ஆணை, ஆஸ்பத்திரிச் சீட்டு, பழைய கடிதங்கள், தந்திகள், படத்தின் பின்புறம் எழுதிய குறிப்பு ஆகிய யாவற்றையும் ஒருங்கே சேர்த்துப் பிரதி எடுத்துக்கொள்க. மூலத்தைத் தபாலில் அனுப்புதல் ஒருகாலும் ஆகாது.

இரண்டாவதாக, அவரவர் படைக்குரிய ரிகார்டு ஆபீஸுக்கு எழுதுக. சென்னைப் படைப்பிரிவாகிய மெட்ராஸ் ரெஜிமெண்டுக்கு நீலகிரி வெலிங்டனிலும், சென்னைப் பொறியாளர் படைக்குப் பெங்களூரிலும், சிக்னல் படைக்கு ஜபல்பூரிலும், பீரங்கிப் படைக்கு நாசிக் ரோடிலும், விமானப் படையினருக்குப் புதுடில்லியிலும், கடற்படை மாலுமிகளுக்கு மும்பையிலும் அது உள்ளது. பட்டாள எண், பதவி, பெயர், பணியாற்றிய படைகள், சேர்ந்த நாள், விலகிய நாள் ஆகியவற்றைத் தெளிவாக எழுதி, இன்ன காலத்தில் இன்ன போர்முனையில் இருந்தேன், இன்ன பதக்கம் என் பதிவில் இல்லை, சரிபார்த்துத் திருத்துக என்று ஒரே பக்கத்தில் முடிக்க வேண்டும். வீரச் செயல்களை விரித்துரைக்கும் இடம் அதுவன்று. நாளும் இடமும் படையும் போதும்.

மூன்றாவதாக, வசிக்கும் ஊரின் ஜில்லா சைனிக் போர்டு அலுவலகத்தை அணுகுக. தமிழ்நாட்டில் இதனை முன்னாள் படைவீரர் நல அலுவலகம் என்பர். அங்கிருந்து செல்லும் பரிந்துரைக் கடிதத்திற்கு மதிப்பு உண்டு.

நான்காவதாக, விடை வாராவிடில் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 2005இல் நிறைவேறிய இச்சட்டத்தின்படி 10 ரூபாய்க் கட்டணத்துடன் தம் ஷீட் ரோல், பார்ட் டூ ஆர்டர் ஆகியவற்றின் பிரதிகளைக் கேட்கலாம். 30 நாட்களுக்குள் விடை தருதல் வேண்டும். தராவிடில் அவ்வலுவலகத்திற்கு மேலுள்ள அதிகாரியிடம் முறையிடலாம். பிரதி கைக்கு வந்தால் கண்ணி எங்கே அறுந்தது என்பது விளங்கிவிடும். ஆணையே வெளிவரவில்லையா, வெளிவந்தும் பதிவில் ஏறவில்லையா என்பதே வினா. பின்னதாயின் திருத்தம் எளிது. முன்னதாயின் சான்று தேட வேண்டும்.

சான்று என்பது உடன் இருந்தோர் தரும் பிரமாணப் பத்திரமாகவும் இருக்கலாம். படைப்பிரிவு போர்க்காலத்தில் நாள்தோறும் எழுதி வைத்த போர்க் குறிப்பேடாகவும் இருக்கலாம். எல்லாம் செய்தும் பயனில்லையெனில், 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த ஆயுதப்படைத் தீர்ப்பாயம் உள்ளது. புதுடில்லியில் தலைமை அமர்வும், சென்னை, மும்பை, கொல்கத்தா முதலிய நகரங்களில் வட்டார அமர்வுகளும் இருக்கின்றன. அது கடைசி வழி. வழக்கறிஞரைக் கலந்த பின்பே அங்கே செல்ல வேண்டும்.

படைவீரர் காலமாகிவிட்டால் வழி அடைபட்டதா எனில், இல்லை. மனைவியோ மக்களோ இறப்புச் சான்றிதழுடன் விண்ணப்பிக்கலாம்.

நண்பர் ஒருவர் என்னிடம், "இவ்வளவு சிரமம் எதற்கு? கடையில் அதே மெடல் விற்கிறதே, வாங்கி மாட்டிக்கொண்டால் போயிற்று" என்றார். அவருக்கு நான் கூறிய விடை இது. போரில் வீழ்ந்தவனுக்குக் கல் நட்டு, அதில் அவன் பெயரையும் செயலையும் பொறித்தவர் நம் முன்னோர். செங்கத்துப் பக்கம் அத்தகைய நடுகற்களை இன்றும் காணலாம். எழுத்து இல்லையெனில் அது வெறுங்கல். சர்க்கார் வழங்கும் போர்ப் பதக்கத்தின் விளிம்பிலும் வீரனின் எண்ணும் பெயரும் பொறிக்கப்பட்டிருக்கும். கடையில் வாங்கியது வெறும் உலோகம். அன்றியும், தமக்கு உரியதல்லாததைக் கேட்பதும் தகாது. போர்முனைக்குப் போகாதவர் அதற்குரிய நட்சத்திரத்தைக் கேட்பாரானால், போய் நின்றவரின் உண்மையான கோரிக்கையும் ஐயத்திற்கு உள்ளாகும்.

இப்பதக்கங்களால் மாத வருவாய் கூடிவிடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பரம் வீர் சக்கரம் முதலிய வீர விருதுகளுக்கே மாதந்தோறும் உதவித் தொகை உண்டு. ஆயினும் போரில் பட்ட காயம் என்ற பதிவு ஏறுமானால், ஊனப் பென்ஷன் கேட்போருக்கு அது துணைச் சான்றாகும். காசுக்காக அன்று, உண்மைக்காகக் கேட்போரே பெரும்பாலோர்.

நம் பெரியவரின் செய்திக்கு வருவோம். விண்ணப்பம் சென்றது, விடை இல்லை. தகவல் கேட்டு எழுதினோம். ஷீட் ரோலின் பிரதி வந்தது. போர் நடந்த நாட்களில் அவர் எந்தப் படையில் இருந்தார் என்பது அதில் தெளிவாக இருந்தது. அதைக் காட்டி மீண்டும் எழுதியதில், பச்சிமி ஸ்டாருக்கு அவர் உரியவர் என்று பதிவு திருத்தப்பட்டதாகக் கடிதம் வந்தது. காயத்திற்குத் தந்தி மட்டும் போதவில்லை. உடன் இருந்தவர் ஒருவரின் சொல்லும் வேண்டியிருந்தது. அவரைத் தூக்கி வந்த தோழர் திருநெல்வேலிச் சீமையில் ஒரு சிற்றூரில் இருப்பதை விசாரித்து அறிந்தோம். தொலைபேசியில் குரல் கேட்டதும் இருவரும் சற்று நேரம் பேசவில்லை. பிரமாணப் பத்திரம் பத்து நாளில் வந்தது. அதற்கு அடுத்த மாதம் அத்தோழர் காலமானார் என்ற செய்தியும் வந்தது.

இதைத்தான் அன்பர்கள் மனத்தில் கொள்ள வேண்டும். 1971இல் போர்முனையில் நின்றோர் அனைவரும் இன்று எழுபதைக் கடந்தவர்கள். காகிதம் பெட்டியில் காத்திருக்கும், சாட்சி காத்திரார். அத்தோழரை ஒரு மாதம் தாழ்த்தித் தேடியிருந்தால் எங்களுக்குக் கிடைத்திருப்பது அவருடைய கையெழுத்தன்று, இரங்கல் செய்தியே.

காயத்திற்குரிய விண்ணப்பம் இன்னும் பரிசீலனையில் இருக்கிறது. பெரியவர் பொறுமையாக இருக்கிறார். அம்மையார்தான் ஒவ்வொரு நாளும் தபால்காரர் வரும் வழியைப் பார்க்கிறார்.

உங்கள் வீட்டிலும் அத்தகைய பெட்டி ஒன்று இருக்கலாம். இவ்வாரமே திறந்து பாருங்கள். தாத்தா இருந்தால் அவரை அருகில் அமர்த்தி, எங்கே நின்றார், யார் உடன் இருந்தார் என்று கேட்டுப் பேரப்பிள்ளையின் கையால் எழுதி வையுங்கள். விண்ணப்பம் எழுதத் துணை வேண்டுவோர் ஞாயிறு மாலையில் சங்க அலுவலகத்திற்கு டிஸ்சார்ஜ் புக்கின் பிரதியுடன் வரலாம்.