போர்க்கதையில் நிலம் எங்கே?

கங்கைகொண்டசோழபுரத்தை எழுப்பிய ராஜேந்திர சோழனின் கதையான அகிலனின் ‘வேங்கையின் மைந்தன்’ 1963இல் சாகித்திய அகாதமி விருது பெற்றது. இத்தகைய நாவல்களில் படையெடுப்பு வீரமும் காதலுமாக விரிகிறது. படைக்குச் சோறிட்ட உழவரும் அவர் செலுத்திய வரியும் பின்னணியில் மறைகின்றன. சோழர் கல்வெட்டுகளோ நிலக்கொடை, வரி பற்றி மிகுதியாகப் பேசுகின்றன. போரின் வேரை நிலவுடைமையில் தேடும் மார்க்சியத் திறனாய்வு அதனால்தான் அவசியமாகிறது.

இப்பார்வை கலையைப் பொருளாதாரமாகச் சுருக்கிவிடும் என்பார்கள். வர்க்க முத்திரை குத்துவதோடு நின்றால் அக்குற்றச்சாட்டு சரியே. ஆனால், 1968 கீழ்வெண்மணிப் படுகொலையைப் பின்னணியாகக் கொண்ட இந்திரா பார்த்தசாரதியின் ‘குருதிப்புனல்’ கூலிப் போராட்டத்தோடு பண்ணையாரின் மனத்தையும் ஆராய்கிறது. அந்நாவலும் 1977இல் சாகித்திய அகாதமி விருதைப் பெற்றது. நிலத்தைப் பேசுவதால் கலை குறையாது. யாருடைய உழைப்பில் வீரம் நின்றது என்று கேட்கும்போதுதான் சரித்திரக் கதை முழுமை பெறும்.