புழுதியும் பகுதி சபையும்

அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரிகள் போகும் சாலையோரத்தில் குடியிருப்போருக்குப் புழுதியைப் பற்றி நாம் விளக்க வேண்டியதில்லை. காலையில் துடைத்த திண்ணை மாலையில் வெளுத்துக் கிடக்கும். சிமெண்ட் ஆலைகள் வேலை தந்தன, அதையும் மறுப்பதற்கில்லை.

சுரங்கத்துக்கும் ஆலைக்கும் அனுமதி தருவது நகராட்சி அல்ல. மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் அரசுத் துறைகளும்தான். ஆயினும் 1992-ஆம் ஆண்டின் 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் நகராட்சிகளிடம் ஒப்படைக்கலாம் எனப் பட்டியலிட்ட 18 பணிகளில் பொதுச் சுகாதாரம், திடக்கழிவு மேலாண்மை, சுற்றுச்சூழல் பாதுகாப்பு ஆகியவை உள்ளன. இவற்றை மக்களே பேசுவதற்கு வழியாக 2022-இல் தமிழக அரசு வார்டு குழு, பகுதி சபை விதிகளைக் கொண்டுவந்தது. கிராமத்துக்குக் கிராம சபை போல, நகரத்துக்குப் பகுதி சபை. பெரம்பலூரிலும் அரியலூரிலும் நம்மில் எத்தனை பேர் அதில் போய் அமர்ந்திருக்கிறோம்? ஞாயிறு திருப்பலி முடிந்து கோவில் முற்றத்தில் சாக்கடையையும் குப்பையையும் பற்றி நாம் பேசுவதில் பாதியை அங்கே பேசினால், தீர்மானப் புத்தகத்தில் ஏற வழியுண்டு.

காற்று மாசு குறிப்பாக ஏழைகளின் உடல்நலத்தைக் கெடுக்கிறது என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' சுற்றுமடலில் குறிப்பிட்டார். சாலையை ஒட்டி யார் வீடு இருக்கிறது என்று பார்த்தாலே அது விளங்கும்.

அடுத்த சபையில் நாம் கேட்க வேண்டியவை எளியவை. லாரிகள் தார்ப்பாய் மூடித்தான் வருகின்றனவா? பள்ளி விடும் நேரத்தில் அவற்றை நிறுத்திவைக்க முடியாதா? கோடையில் சாலைக்குத் தண்ணீர் தெளிப்பது யார் பொறுப்பு, ஆலையா, நகராட்சியா?