பேடுக்குள் போன பறை

போன ஆடியில் பூந்தமல்லிப் பக்கம் ஓர் அம்மன் கோயிலில் கூழ் வார்த்தார்கள். இரவு மேடையில் மெல்லிசைக் குழு. அதில் பேட் வாசித்தவன் என் சித்தப்பா மகன், அம்பத்தூர் ஓ.டி.யில் எங்கள் தெருவில் வளர்ந்தவன். விழாக் குழுவினர் முன்பே சொல்லி அனுப்பியிருந்தார்கள்: "பறை மேடைக்கு வேணாம். அந்தச் சத்தம் மட்டும் பேட்ல வர்ற மாதிரி பாத்துக்கோங்க."

அந்தச் சத்தம் என் சித்தப்பாவுடையது. முப்பது வருடங்களாகச் சாவுக்கும் திருவிழாவுக்கும் பறையடித்த கை அது. அவர் அடித்ததைத்தான் பதிவு செய்து பேடில் ஏற்றியிருந்தோம். அன்று அவர் கூட்டத்தோடு கூட்டமாகக் கீழே நின்று கேட்டார். அவர் சத்தத்துக்கு மேடையில் இடமிருந்தது. அவருக்கு இல்லை.

இதற்கு இரண்டு நாள் முன்பு வீட்டில் பேடைச் சரிசெய்துகொண்டிருந்தோம். தம்பி வாசித்துக் காட்டியதும் சித்தப்பா கேட்டார்: "அடி மட்டுந்தான் கேக்குது. சுண்டு எங்கடா போச்சு?"

பறைக்கு இரண்டு குச்சி. குட்டையான அடிகுச்சி வலது கையில், மெலிந்து நீண்ட சுண்டுகுச்சி இடது கையில். அடிகுச்சி தாளத்தைத் தாங்கும். சுண்டுகுச்சி அதன் இடைவெளிகளில் மெல்லத் தட்டிக்கொண்டே போகும். ஆட வைப்பது அதுதான். பேட் அதைத் தின்றுவிட்டது. காரணம் செட்டிங்கில் இருந்தது. திரெஷோல்ட் கூடுதலாக இருந்ததால் மெல்லிய அடியை அடியாகவே அது எடுத்துக்கொள்ளவில்லை. மாஸ்க் டைம் அதிகமாக இருந்ததால் ஓர் அடிக்குப் பின் உடனே விழும் அடுத்த அடியைத் தவறுதலான அதிர்வு என்று தள்ளிவிட்டது. இரண்டையும் குறைத்தோம். பின் மெல்லிய அடியும் காதில் விழும்படி வெலாசிட்டி கர்வை மாற்றினோம். இரண்டு குச்சியின் ஒலியையும் தனித்தனி பேடில் போட்டோம். ஒரு மணி நேரத்தில் சித்தப்பா தலையசைத்தார்.

செட்டிங் நடுநிலையானது என்று நாம் நம்புகிறோம். மிடி, 1983இல் பல நிறுவனங்கள் சேர்ந்து ஏற்றுக்கொண்ட பொதுமொழி. அது ஒலியைக் கடத்தாது. எந்த பேடில் அடித்தாய், எவ்வளவு வேகமாக அடித்தாய் என்பதை எண்ணாகக் கடத்தும். வேகத்துக்கு 1 முதல் 127 வரை எண்கள். எந்த எண்ணுக்கு என்ன கருவி என்று 1991இல் 'ஜெனரல் மிடி' பட்டியல் போட்டது. 128 ஒலிகளில் சிதாருக்கு 105, ஷெனாய்க்கு 112, ஜப்பானின் டைகோ முரசுக்கு 117. தாள வாத்தியங்களுக்குத் தனியாக 47 ஒலிகள். பாங்கோ, காங்கா எல்லாம் உண்டு. தபலா இல்லை, மிருதங்கம் இல்லை, பறையும் இல்லை. பிறகு வந்த பேடுகளில் தபலாவும் டோலக்கும் வந்து சேர்ந்தன. தொழிற்சாலையில் உட்கார்ந்து யாரும் சாதி பார்த்துப் பட்டியல் போட்டிருக்க மாட்டார்கள். உலகுக்கு இந்தியாவின் இசை என்று எது ஏற்கெனவே காட்டப்பட்டிருந்ததோ அதுவே பட்டியலிலும் ஏறியது. அதைக் காட்டியவர்கள் யார் என்பது நமக்குத் தெரியும்.

பேடில் தோல் இல்லை, ரப்பர்தான். வைக்கோல் தீயில் காய்ச்ச வேண்டாம். தோலைத் தொட்டவன் என்ற பேச்சு இல்லை. அதனால் தம்பியை "பேட் சார்" என்கிறார்கள். அதே ஊரில் என் சித்தப்பாவை அவரைவிடச் சின்ன வயதுக்காரன் "வா, போ" என்கிறான். மிருதங்கத்தின் கதையும் இதுதானே? அதற்குத் தோல் பதப்படுத்திக் கட்டியவர்களில் பலர் தலித் கிறித்தவர்கள். அவர்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா எழுதிய 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' நூலின் வெளியீட்டுக்குத் தந்த அனுமதியை 2020இல் கலாஷேத்ரா திரும்பப் பெற்றது. ஒலி வேண்டும், அதன் பின்னால் இருக்கும் கை கண்ணில் படக்கூடாது.

"அப்படியென்றால் உன் தம்பி பறையை விட்டது தவறில்லையா?" என்று ஒரு தோழர் கேட்டார். இல்லை. சாவுக்குப் பறையடிக்க மாட்டோம் என்று மறுத்ததும் நம் போராட்ட வரலாறுதான். அதற்காக அடிவாங்கிய சேரிகள் உண்டு. பறையை மேடையில் விடுதலைக் கருவியாக எடுப்பது ஒரு வழி என்றால், பறையே வேண்டாம் என்று பேடையோ கிதாரையோ எடுப்பது இன்னொரு வழி. அப்பன் அடித்ததை மகனும் அடிக்க வேண்டும் என்பது சாதியின் விதி. கலையைக் காப்பாற்றுகிறேன் என்று அந்த விதியை நாம் அவன் தலையில் கட்டக்கூடாது.

என் கேள்வி பேட் வாசிப்பவனிடம் இல்லை, சத்தத்தை மட்டும் வாங்கிக்கொள்பவர்களிடம். ஸ்டூடியோவுக்குப் பறைக் கலைஞரை அழைத்து, அரை நாள் அடிக்க வைத்து, ஒருநாள் கூலி கொடுத்து அனுப்பிவிட்டால் அந்த ஒலி நூறு பாட்டுக்கு உழைக்கும். 1957 காப்புரிமைச் சட்டத்தில் 2012இல் வந்த திருத்தம், நிகழ்த்துபவர் தன் பெயரால் அடையாளம் காணப்படும் உரிமையைப் பேசுகிறது. அந்தச் சட்டம் பறைக்கும் உண்டு. பதிவுக்கு முன் ஒப்பந்தம், திரும்பப் பயன்படுத்தினால் பங்கு, பாட்டின் விவரத்தில் பெயர்: இந்த மூன்றையும் கேட்பது பிச்சையல்ல. நம் இயக்க மேடைகளும் இதைக் கடைப்பிடிக்க வேண்டும். 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' ஏறிய மேடையில் கானாவும் கிதாரும் சரிசமமாக நின்றன. அப்படி நிற்க முடியும் என்று பார்த்த தலைமுறை நாம்.

பேடில் ஒவ்வொரு கிட்டுக்கும் ஒரு பெயர் வைக்கலாம். தம்பி அதற்குச் சித்தப்பாவின் பெயரை வைத்திருக்கிறான். ஆனால் அந்தச் சின்னத் திரையை வாசிப்பவன் மட்டுமே பார்க்கிறான். அடுத்த கச்சேரி ஆவடியில், ஏப்ரல் 14. அன்று அந்தப் பெயரை மைக்கில் சொல்லச் சொல்லியிருக்கிறேன். சித்தப்பாவுக்கு மேடையில் ஒரு நாற்காலியும் போடுகிறோம். வாசிப்பதா வேண்டாமா என்பதை அவரே முடிவு செய்வார்.