கொல்லைப்புறப் பறவைகளும் நம் பிள்ளைகளின் கைப்பேசியும்

மாலை வேளையில் நம் பள்ளிப் பிள்ளைகள் சிலர் கைப்பேசியை ஏந்திக்கொண்டு, லயத்து வீடுகளின் பின்புறம் வாழைக்கும் முருங்கைக்கும் இடையே பதுங்கிச் செல்வதைப் பெற்றோர்கள் கண்டிருப்பீர்கள். “படிக்க வேண்டிய நேரத்தில் குருவி பிடிக்கப் போகிறார்கள், தலைமையாசிரியர்தாம் இதற்குக் காரணம்” என்று ஒரு முறையீடும் நமக்கு வந்தது. காரணம் நாமே என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆனால், அவர்கள் குருவி பிடிக்கப் போகவில்லை. படம் பிடிக்கவே போகிறார்கள். அது தொடரவேண்டும் என்பதே நமது கருத்து. ஆயினும் அதற்கு ஓர் எல்லை உண்டு என்பதைச் சென்ற ஆண்டு நாம் பட்டுத் தெரிந்துகொண்டோம். அதனையும் மறைக்காமல் கூறுவோம்.

முதலில் சிட்டுக்குருவியை எடுத்துக்கொள்வோம். நம் முன்னோர் தமிழகத்திலிருந்து வந்தபோது, ஊரில் வீட்டுக் கூரையில் கூடு கட்டிய குருவியின் பெயரையும் உடன் கொண்டுவந்தனர். இங்கே லயத்திலும் கடைத்தெருவிலும் தத்தித் திரிந்த குருவிக்கு அதே பெயரை வழங்கினர். இரண்டும் ஒன்றே என்றுதான் நாமும் ஐம்பது வயது கடந்தும் எண்ணியிருந்தோம். நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன் தான் எடுத்த படத்தைப் பெரிதாக்கிக் காட்டி, “ஐயா, இதன் கன்னத்தில் யார் மை வைத்தார்கள்?” என்று கேட்டபோதுதான் நமக்கு ஐயம் பிறந்தது. தேடிப் பார்த்தோம். தமிழகத்துச் சிட்டுக்குருவியில் ஆணின் உச்சந்தலை சாம்பல் நிறம். கன்னத்தில் பொட்டு இல்லை. பெண்ணுக்கோ தொண்டைக் கறுப்பும் கிடையாது. நம் லயத்துக் குருவிக்கு உச்சந்தலை செம்பழுப்பு. வெண்ணிறக் கன்னத்தில் கரும்பொட்டு. ஆணும் பெண்ணும் ஒரே தோற்றம். இது வேறோர் இனம். மரச்சிட்டு என்று பொருள்படும் பெயரால் ஆங்கில நூல்கள் இதனைக் குறிக்கின்றன. நாள்தோறும் நம் கண்ணெதிரே சோற்றுப் பருக்கை பொறுக்கிய பறவையை நாம் ஒருநாளும் பார்த்ததில்லை என்பது அன்று விளங்கிற்று. பத்து வயதுப் பிள்ளையிடம் பாடம் கேட்டதில் நமக்கு வெட்கம் ஏதுமில்லை.

படம் எடுத்தவுடன் பெயர் கிடைத்துவிடும் என்று எண்ணிவிடலாகாது. தையல்சிட்டைப் பாருங்கள். இலைகளைச் சிலந்தி நூலாலும் நாராலும் தைத்து அதனுள் கூடு அமைக்கும் சிறு பறவை அது. நம் தோட்டங்களில் காணும் சாதாரணத் தையல்சிட்டு கத்தும்போது கழுத்தின் இரு பக்கமும் கறுப்பு தெரியும். அதைக் கண்டு, கருங்கழுத்துத் தையல்சிட்டு என்னும் வேறோர் இனத்தின் பெயரைப் பிள்ளைகள் எழுதிவிடுகின்றனர். வாலின் அடிப்புறத்தைப் பார்த்தால் குழப்பம் தீரும். அங்கே மஞ்சள் இருந்தால் கருங்கழுத்து. வெளுத்திருந்தால் சாதாரணத் தையல்சிட்டு. எனவேதான் ஒரு பறவையை ஒரே படத்தோடு விடாமல் பக்கவாட்டிலும் கீழிருந்தும் எடுக்கச் சொல்கிறோம். வெயில் நம் முதுகுப்புறம் இருக்கவேண்டும். வானத்தைப் பின்னணியாக வைத்து எடுத்தால் தேன்சிட்டும் காக்கைக் குஞ்சுபோல் கறுத்துத்தான் தெரியும். கார்னெல் பல்கலைக்கழகம் இலவசமாக வழங்கும் மெர்லின் என்னும் செயலி பெயரை ஊகித்துச் சொல்கிறது. நல்லதே. ஆனால், நம் பள்ளியில் முதலில் ஏட்டில் நிறம், அலகு, வால், குரல், செய்த செயல் ஆகியவற்றை எழுதவேண்டும். அதன் பிறகே செயலியைத் திறக்கவேண்டும். கண்ணுக்கு வேலை கொடாமல் கருவியைக் கேட்பது, கணக்கைச் செய்யாமல் விடையைப் பார்ப்பது போன்றதே.

மேடக் என்னும் ஆங்கிலேயர், ஜப்பானியர் காலத்தில் சாங்கிச் சிறைமுகாமில் அடைபட்டிருந்தபோது மலாயாப் பறவைகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். போருக்குப் பின் 1947இல் மலாயா இயற்கைக் கழகம் அதனை வெளியிட்டது. முன்பு பொறுமையாகப் பார்த்து வைத்திருந்ததே அந்த முகாமில் அவருக்கு முதலாக இருந்தது.

இனி நாம் செய்த பிழைக்கு வருகிறோம். பள்ளிச் சிற்றுண்டிச்சாலையின் பின்சுவரில் குழாய் நீக்கிய துளையொன்றில் குண்டுக்கரிச்சான் கூடு வைத்தது. மலாய்க்காரர்கள் மூராய் கம்போங் என்பார்களே, அப்பறவைதான். ஆண் பளபளக்கும் கருமையும் வெண்மையுமாக இருக்கும். பெண்ணுக்குக் கருமைக்குப் பதில் சாம்பல் நிறம். ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி, தாய்ப்பறவை புழுவோடு துளையின் வாயில் நிற்பதையும் உள்ளே குஞ்சுகள் வாய் திறந்திருப்பதையும் அழகாகப் படம் எடுத்தாள். நாம் மகிழ்ந்து போனோம். பாராட்டு எழுதி, இடத்தையும் குறிப்பிட்டு, அந்தப் படத்தைப் பெற்றோர் புலனக் குழுவில் நாமே அனுப்பினோம்.

மூன்றாம் நாள் காலையில் துளை வெறுமையாக இருந்தது. சுவரின் பூச்சு குச்சியால் சுரண்டப்பட்டிருந்தது. கீழே ஒரு நாற்காலி போடப்பட்டிருந்தது. யார் செய்தது என்று நாம் விசாரிக்கவில்லை. படம் குழுவுக்கு வெளியே எத்தனை பேரிடம் போயிற்றோ! தாய்ப்பறவை இரண்டு நாள் வேலிக் கம்பியில் அமர்ந்து கத்திக்கொண்டிருந்தது. “ஐயா, நான் படம் எடுக்காமல் இருந்திருந்தால்?” என்று அச்சிறுமி கேட்டாள். பிழை அவளுடையதன்று, நம்முடையதே என்று சொன்னோம். அவள் நம்பினாளா என்பது தெரியவில்லை. அதன் பிறகு சில மாதங்கள் அவள் கைப்பேசியைத் தூக்கவில்லை.

குரலுக்காகப் பறவையைக் கூண்டில் வைக்கும் பழக்கம் நம்மிடமும் உண்டு. வைத்திருப்பவர்கள் அதற்கு அன்போடு தீனி போடுகிறார்கள் என்பதையும் அறிவோம். ஆயினும் சிங்கப்பூரில் நடந்ததை எண்ணிப் பாருங்கள். அங்கே தோட்டந்தோறும் பாடிய இதே குண்டுக்கரிச்சான், கூண்டுக்காகப் பிடிக்கப்பட்டு 1970களில் மிகவும் அருகிப்போயிற்று. 1980களில் பறவைகளைக் கொண்டுவந்து விட்டுப் பெருக்க வேண்டியதாயிற்று. இதற்கு உறவான மூராய் பத்துவை, அதன் வாணிகத்தைக் கட்டுப்படுத்த வேண்டி, 2022இல் சைட்டிஸ் என்னும் அனைத்துலக ஒப்பந்தத்தின் பட்டியலில் சேர்த்தனர்.

ஆகவே நம் பள்ளியில் இப்பொழுது ஒரு கட்டுப்பாடு வைத்துள்ளோம். கூட்டைப் படம் எடுப்பதில்லை. இலையை விலக்குவதில்லை. கைப்பேசியில் பறவையின் குரலை ஒலிக்கவிட்டு அதனை ஏமாற்றி அழைப்பதில்லை. பறவை கண்ட இடத்தை நம் ஏட்டில் எழுதுவோம். வெளியே அனுப்பும் படத்தில் எழுதமாட்டோம். இதனால் நல்ல படங்கள் சில தவறிப்போகும் என்று ஓர் இளம் ஆசிரியர் குறைப்பட்டுக்கொண்டார். தவறிப்போகட்டும் என்றே சொன்னோம்.

அறிவியல் அறையின் சுவர்ப்பலகையில் இவ்வாண்டு பிள்ளைகள் எடுத்த பதினான்கு பறவைகளின் படங்கள் உள்ளன. பதின்மூன்றுக்குப் பெயர் எழுதியாயிற்று. பதினான்காவதை எடுத்தவள் அந்த ஐந்தாம் ஆண்டு மாணவிதான். இப்பொழுது ஆறாம் ஆண்டில் படிக்கிறாள். செம்பனை மட்டையில் அமர்ந்திருக்கும் அந்தப் பழுப்புப் பறவையின் முதுகு மட்டுமே தெரிகிறது. அதிகாலைப் பெரட்டுக்குச் செல்லும் பெரியவர்களில் எவரேனும் அதனை அறிந்திருக்கக்கூடும். பள்ளி வேலை நாளில் ஒரு மணிக்கு மேல் வந்து பார்த்துச் சொன்னால், அம்மாணவி பெயரை எழுதிக்கொள்வாள்.