வாசலைத் தாண்டிய பிறகு

மார்ச் 1968. கிழக்கு லாஸ் ஏஞ்சலிஸ் பள்ளிகளிலிருந்து ஆயிரக்கணக்கான மெக்சிகோ வம்சாவளி மாணவர்கள் வகுப்பைப் புறக்கணித்து வீதிக்கு வந்தார்கள். அவர்கள் கேட்டது எளிமையானது: ஸ்பானிஷ் பேசினால் தண்டிக்காதீர்கள், எங்கள் சரித்திரத்தையும் சொல்லிக்கொடுங்கள், பட்டறை வேலைக்கே தயார்செய்யாமல் கல்லூரிக்கும் வழிகாட்டுங்கள். கிடைத்த பதில்? ஆதரவு தந்த ஆசிரியர் சால் காஸ்ட்ரோ உள்பட 13 பேர்மீது சதி வழக்கு. 1970இல் அது தள்ளுபடியானது.

இதற்கிடையே, 1969இல் சான்டா பார்பராவில் கூடிய மாணவர்களும் பேராசிரியர்களும், சிதறிக் கிடந்த மாணவர் சங்கங்களை 'மெச்சா' என்ற ஒரே பெயரில் இணைத்தார்கள். ஊர்வலம், உண்ணாவிரதம் என்று செய்திகளில் அடிபட்ட பெயர் அது. ஆனால் அதன் முக்கியமான வேலை சத்தமில்லாமல் நடந்தது. உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளை ஒரு நாள் பல்கலைக்கழகத்துக்கு அழைத்து வந்து சுற்றிக்காட்டுவது, விண்ணப்பம் எழுத உதவுவது, உதவித்தொகை பற்றிப் பெற்றோருக்கு அவர்கள் மொழியிலேயே விளக்குவது.

இடம் கிடைத்தால் போதுமா? வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்கு அங்கேதான் சோதனை ஆரம்பம். பாடம் புரியவில்லை என்றால் பேராசிரியரின் அறைக் கதவைத் தட்டலாம் என்பதே தெரியாது. மூத்த பிள்ளையின் சம்பளத்தை வீடு எதிர்பார்த்துக்கொண்டிருக்கும். முதல் தேர்வில் சறுக்கினால், 'நமக்கு இது சரிப்படாது' என்று மூட்டையைக் கட்டிவிடுவார்கள். அந்த நேரத்தில், இதே வழியில் இரண்டு வருடம் முன்னால் போன ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசினால் பாதி பயம் போய்விடும். பெர்க்லியிலும் லாஸ் ஏஞ்சலிஸிலும் இதற்கென மாணவர்களே மையங்கள் நடத்துகிறார்கள். மாணவர்களே வாக்களித்து ஏற்றுக்கொண்ட கட்டணத்திலிருந்து அவற்றுக்குப் பணம் வருகிறது.

1996இல் கலிபோர்னியா வாக்காளர்கள், அரசுப் பல்கலைக்கழக அனுமதியில் இனத்தைக் கணக்கில் எடுப்பதைத் தடைசெய்தார்கள். 1998இல் பெர்க்லியிலும் லாஸ் ஏஞ்சலிஸிலும் லத்தீனோ மாணவர்களுக்குக் கிடைத்த இடங்கள் சரிந்தன. 2023இல் உச்ச நீதிமன்றம் கிட்டத்தட்ட அதே தடையை நாடு முழுவதற்கும் விரித்தது. சட்டம் கைவிரிக்கும்போதெல்லாம் இந்தப் பிள்ளைகளின் சுமை கூடுகிறது.

ஒரு நெருடல் மட்டும் உண்டு. தன் தேர்வுக்குப் படிக்க வேண்டிய 20 வயதுப் பெண் இன்னொருவனுக்குக் கணக்குச் சொல்லித்தருகிறாள். அவள் மார்க் குறைந்தால் யார் பொறுப்பு? சேர்த்துக்கொண்ட பிள்ளையைக் கரைசேர்ப்பது பல்கலைக்கழகத்தின் வேலை. அதைப் பிள்ளைகளே இழுத்துப் போட்டுக்கொண்டு செய்வது அவர்களுக்குப் பெருமை. நிர்வாகத்துக்கு?