கலைந்த மண்ணின் சாட்சி

ஒருமுறை அகழ்ந்து மூடிய மண் முன்னிருந்த நிலையை மீண்டும் அடைவதில்லை. மேல்மண்ணும் அடிமண்ணும் கலந்து நிறம் மாறும். புதைத்த உடல் அழியத் தரை சற்றே தாழும். அங்கு முளைக்கும் புல்பூண்டும் அயலினின்று வேறுபடும். மறைந்த மனித என்புகளைத் தேடுவோர், வரிசையாக நடந்தும் வானிலிருந்து படம்பிடித்தும் முதலில் நோக்குவன இவ்வேற்றுமைகளையே. பின்னரே படைபடையாக மண்ணை நீக்கி அரிப்பர்.

யாழ்ப்பாணத்தை அடுத்த செம்மணியில், 2025 பெப்ரவரியில் சித்துப்பாத்தி மயானத்திலே கட்டட வேலைக்காகத் தோண்டியபோது என்புகள் வெளிப்பட்டன. நீதிமன்ற மேற்பார்வையில் நடந்த அகழ்வில், அவ்வாண்டு செப்டெம்பருக்குள் 200க்கு மேற்பட்ட என்புக்கூடுகள் இனங்காணப்பட்டன. ஆகஸ்டில் தரையை ஊடுருவும் ராடாரும் பயன்பட்டது.

ராடார் என்பை அடையாளங் காட்டாது. மண் குலைந்த இடத்தையே உணர்த்தும். உப்பும் ஈரமும் மிகுந்த நிலத்தில் அதன் ஆற்றலும் குன்றும். எங்கே தேடுவதென்பதை அறிந்த மனிதர் வாய்திறத்தல் வேண்டும். 1998இல் தண்டனை பெற்ற படைவீரர் ஒருவர் நீதிமன்றிற் கூறியதன் பேரிலேயே, 1999இல் இவ்வட்டாரத்தில் 15 பேரின் எச்சங்கள் மீட்கப்பட்டன. அவர் சொன்னதோ நூற்றுக்கணக்கானோரைப் பற்றி. அதன்பின் கால்நூற்றாண்டு கழிந்தது. அந்த இடைவெளிக்குக் கருவிக் குறையைக் காரணங் காட்டுதல் பொருந்தாது.

என்பு கிடைத்ததோடு தேடல் முடிவதுமில்லை. மீட்ட உடைகளும் பொருள்களும் 2025 ஆகஸ்டில் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டமை, பெயரைத் தேடும் முயற்சியே. உறவினரின் மரபணுவோடு ஒப்புநோக்கி, ஒவ்வோர் என்புக்கூட்டுக்கும் பெயர் கண்டு வீட்டாரிடம் ஒப்படைக்கும் நாளிலேயே அகழ்வு நிறைவுறும்.