ஓரத்தில் எழுதும் கேள்வி: திருவண்ணாமலைத் தமிழாசிரியர்களின் கொள்கைப் பிரகடனம்

பௌர்ணமி இரவில் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையைச் சுற்றி வருவதற்குள் ஒரு மாணவரை எத்தனையோ குரல்கள் இழுக்கின்றன. வீட்டுமனை விளம்பரம் இன்றே முந்தச் சொல்கிறது. மூலிகை வியாபாரியின் ஒலிபெருக்கி எல்லா நோய்க்கும் ஒரே மருந்து என்கிறது. தேர்தல் வந்தால் சுவரெல்லாம் பேசும். இவற்றில் எது காரணம் காட்டுகிறது, எது ஆசையையும் அச்சத்தையும் மட்டும் தூண்டுகிறது என்று பிரித்தறியும் திறனைத் தமிழ் வகுப்புதான் தரவேண்டும். பாடம் நடத்தினால் மட்டும் அது வராது. மாணவர் எழுதியதற்கு ஆசிரியர் எழுதும் மறுமொழியில்தான் வேர்பிடிக்கும். அதற்காகவே இவ்வியக்கத்தைத் தொடங்குகிறோம்.

"பேச்சாளர் உவமையால் கேட்போர் மனத்தைக் கவர்கிறார்" என்று மாணவர் எழுதுகிறார். சிவப்பு மையில் ஒரு சரிக்குறி, கையொப்பம், தேதி. நோட்டு மூடப்படுகிறது. எந்த உவமை, யாருடைய மனத்தை, எதை மறைத்துக் கவர்ந்தது? யாரும் கேட்பதில்லை. சிந்தனை தொடங்கவேண்டிய இடத்திலேயே முற்றுப்புள்ளி விழுகிறது.

வாதத்தைச் சோதிப்பது நமக்குப் புதிதன்று. அண்டை மாவட்டத்துக் காஞ்சியில் பௌத்தத் துறவி அறவண அடிகள் மணிமேகலைக்கு அளவைநெறி (தருக்க முறை) கற்பித்ததாகச் சாத்தனார் தம் மணிமேகலைக் காப்பியத்தில் பாடினார். பக்கம், ஏது, எடுத்துக்காட்டு என வாதத்தின் உறுப்புகளை அதன் ஒரு காதை விளக்குகிறது. போலி வாதங்களையும் வகைபிரிக்கிறது. மலையில் புகை தெரிவதால் அங்கே நெருப்பு உண்டு, அடுக்களையைப் போல என்பது அதில் வரும் சான்று. தீபமலை அடிவாரத்துப் பிள்ளைகளுக்கு இதைவிட நெருக்கமான பாடம் ஏது?

எங்கள் கொள்கைகள்:

1. உவமை, மிகைக்கூற்று என்று பெயர் சொன்னால் போதும் என்று விடமாட்டோம். அது கேட்பவரை என்ன செய்தது என்று எழுதச் சொல்வோம்.

2. "நன்று", "இன்னும் முயல்க" என்று எழுதி நிறுத்தமாட்டோம். "இந்த விளம்பரம் விலையைச் சொல்லவில்லையே, ஏன்?" என்பதுபோல், மாணவர் விடைதேடக்கூடிய ஒரு கேள்வியையாவது ஓரத்தில் எழுதுவோம்.

3. முதல் வரைவுக்கு மதிப்பெண் இடமாட்டோம். 1988இல் கல்வி ஆய்வாளர் ரூத் பட்லர் வெளியிட்ட ஆய்வில், குறிப்பு மட்டும் பெற்ற மாணவர்கள் முன்னேறினர்; குறிப்போடு மதிப்பெண்ணும் பெற்றவர்களிடம் அந்த முன்னேற்றம் இல்லை.

4. திருத்தி எழுத வகுப்பிலேயே நேரம் தருவோம்.

5. கட்சி, சாதி, சமயம் எதிலும் எங்கள் சார்பை மாணவர்மேல் ஏற்றமாட்டோம். அவர் முடிவை மதிப்போம். அதற்கான ஆதாரத்தைக் கேட்போம்.

6. எங்கள் குறிப்பையும் மாணவர் மறுக்கலாம். காரணத்தோடு மறுத்தால் ஏற்போம்.

நிறைந்த வகுப்பில் எல்லா நோட்டுக்கும் ஒரே வாரத்தில் இப்படி எழுத இயலாது. ஆகவே முறைவைத்து எழுதுவோம். மாணவர்களே ஒருவருக்கொருவர் கேள்வி எழுதவும் பழக்குவோம். திருத்திய கட்டுரைகளின் எண்ணிக்கையை மட்டும் பார்க்காமல், மறுமொழியின் தரத்தையும் பார்க்குமாறு பள்ளி ஆய்வுக்கு வரும் அலுவலர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

செங்கம், போளூர், ஆரணி, வந்தவாசி, செய்யாறு, ஜவ்வாது மலைப் பள்ளிகளின் ஆசிரியர்களே, வாருங்கள். அடுத்த கட்டுரை நோட்டைத் திறக்கும்போது சரிக்குறி இடுமுன் ஒரு கேள்வி எழுதுங்கள். யார் பேசினாலும் ஆதாரம் கேட்கும் தலைமுறையை அந்தக் கேள்வியிலிருந்து வளர்த்தெடுப்போம்.